மாஹிம் குடாவும் மதுசாரம் கலந்த பெட்ரோலும்

மும்பையில் பாந்த்ராவுக்கும் வொர்லிக்கும் இடையே பிறைச்சந்திரன் வடிவில் உள்வாங்கிக் கிடக்கும் மாஹிம் குடாவுக்குக் காற்று வாங்கப் போகிறவர்களில், மாட்டுங்காவிலிருந்தும் தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வரும் நம்மவர்கள் உட்படப் பெரும்பாலோர், 2009-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி திறக்கப்பட்ட 5.6 கிலோமீட்டர் நீளமுள்ள கடற்பாலத்தின் கம்பீரத்தைக் கண்டு களித்துவிட்டுத் திரும்புகிறார்களேயன்றி, கரையோரத்தில், நீர் வற்றும் வேளையில் மிட்டி நதியின் சேற்றின்மேல் ஒருக்களித்துச் சாய்ந்தும், நீர் ஏறும் வேளையில் மெல்ல எழுந்து மிதந்தும் கிடக்கும் கோளி மீனவர்களின் சிறு படகுகளை நின்று பார்ப்பதில்லை. அவற்றின் பின்புறத்தில் மாட்டப்பட்டிருக்கும் அவுட்போர்டு எஞ்சினும், நகரத்தின் மறுகோடியில் அப்போலோ பந்தருக்கு எதிரே நங்கூரமிட்டு நிற்கும் தனவந்தர்களின் உல்லாசப் படகுகள் பலவற்றின் எஞ்சினும் ஒரே ஜாதியைச் சேர்ந்தவை. ஒருவனுக்கு ஜீவனத்துக்கும் மற்றவனுக்கு விநோதத்துக்கும் உழைக்கும் அவ்விரு யந்திரங்களும் குடிப்பது ஒரே பெட்ரோல் பங்கின் பெட்ரோலைத்தான். அந்தப் பெட்ரோலில் இன்று ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்னும் மதுசாரம். மோட்டார் வண்டிக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு படகுக்குப் பொருந்துமா, பொருந்தாவிட்டால் படகுக்கு வேறு எதைக் கொடுக்கலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் விசாரணை.

பெட்ரோலில் மதுசாரத்தைக் கலக்கும் யோசனை நேற்று உதித்ததன்று. சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-இல், பவர் ஆல்கஹால் சட்டம் என்று ஒன்றை இந்திய சர்க்கார் இயற்றியது. சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் கழிவுப்பாகை வடித்து எரிபொருளாக்கலாம் என்பதே அதன் நோக்கம். வேடிக்கை என்னவென்றால், அதற்கு அடுத்த வருஷம் பம்பாய் மாகாணத்தில் மதுவிலக்குச் சட்டம் வந்தது. மாஹிம் உப்பங்கழியின் அலையாத்திப் புதர்களுக்குள்ளும் தாராவிச் சதுப்பிலும் திருட்டுச் சாராயம் காய்ச்சியவர்களைப் போலீஸார் பல்லாண்டு துரத்தித் திரிந்தார்கள். மனிதன் குடித்தால் குற்றமாக இருந்த அதே வஸ்து, யந்திரம் குடித்தால் தேசசேவை என்று ஆவதற்கு அரை நூற்றாண்டு பிடித்தது. பவர் ஆல்கஹால் சட்டம் 2000-ஆம் ஆண்டில் ரத்தாகி, 2003-இல் மஹாராஷ்டிரம் உள்ளிட்ட சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்புடன் புதிய திட்டம் தொடங்கியது. 2022 ஜூன் மாதத்தில் கலப்பு 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதப் பெட்ரோல் சில பங்குகளில் விற்பனைக்கு வந்து, 2025-இல் தேசமெங்கும் அதுவே சாதாரணப் பெட்ரோலாகிவிட்டது. எத்தனால் கலவாத பெட்ரோலையும் வாங்குவோரின் விருப்பத்துக்கு வைக்கவேண்டும் என்று கோரிய மனுவை, 2025 செப்டம்பர் முதல் தேதியன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

இத்திட்டத்தைப் பழிப்பது என் எண்ணமன்று. கச்சா எண்ணெய்க்காக அந்நிய தேசங்களுக்குப் போகும் பணம் குறைவதும், கரும்புக்காரனுக்கு ஆலை வைத்திருக்கும் பாக்கி சீக்கிரம் தீருவதும் நல்ல காரியங்களே. தினந்தோறும் ஓடி, வாரத்துக்கொருமுறை தொட்டியை நிரப்பிக்கொள்ளும் புதிய வண்டிகளுக்கு, மைலேஜில் கொஞ்சம் நஷ்டம் என்பதைத் தவிர, இதனால் பெரிய சங்கடமும் இல்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் சக்தி அடங்கியிருக்க, ஒரு லிட்டர் எத்தனாலில் 21 மெகாஜூலே இருப்பதால், ஐந்தில் ஒரு பங்கு கலக்கும்போது மொத்தத்தில் ஆறு, ஏழு சதவீதம் சக்தி குறைவது கணக்குப்படி எதிர்பார்க்க வேண்டியதுதான். படகின் துன்பம் இதுவன்று. அது சக்தியைப் பற்றியதே அல்ல, ஜலத்தைப் பற்றியது.

எத்தனாலின் அணு அமைப்பைச் சற்று நோக்கினால் காரணம் விளங்கும். அதன் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள் உண்டு. ஒரு முனை கரியும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு வால். அது பெட்ரோலின் இனத்தைச் சேர்ந்தது. மறு முனையில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் ஜோடியாக இருக்கின்றன. அது தண்ணீரின் இனம். வால் மிகக் குறுகியது, இரண்டே கரியணுக்கள் கொண்டது. ஆகவே பிறந்தகத்தை நினைத்துக்கொண்டே புக்ககத்தில் குடித்தனம் நடத்தும் புதுப்பெண்ணைப்போல, எத்தனால் பெட்ரோலோடு கலந்து வாழ்ந்தாலும், தண்ணீர் போதிய அளவில் வந்து வாசலில் நின்றதும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அதனோடு புறப்பட்டுவிடுகிறது.

இதைக் கண்ணால் காண விரும்புவோர், அடுப்பும் பீடியும் அண்டாத திறந்த வெளியில், அளவுக்கோடு போட்ட உயரமான கண்ணாடிக் குழாய் ஒன்றில் 100 மில்லிலிட்டர் பெட்ரோலை ஊற்றி, அதன்மேல் 10 மில்லிலிட்டர் தண்ணீரைச் சேர்த்து, வாயை இறுக மூடிச் சில தடவை கவிழ்த்து நிமிர்த்திப் பார்க்கலாம். முதலில் திரவம் முழுவதும் அரிசி கழுவிய நீரைப்போல் கலங்குகிறது; பின்பு கண்ணாடியின் உட்சுவரில் நுண்ணிய மணிகள் உருண்டு உருண்டு கீழிறங்குகின்றன; சில நிமிஷங்களில் மேலே பெட்ரோலும் கீழே நிறமற்ற திரவமும் பிரிந்து, இரண்டுக்கும் நடுவே கத்தியால் கீறியதைப்போல ஒரு கோடு தெரிகிறது. ஊற்றியது 10 மில்லிலிட்டர் தண்ணீர்தானே என்று அந்தக் கோட்டைப் பத்தாவது அளவில் தேடினால் காணமாட்டோம். அது முப்பதை நெருங்கி நிற்கும். பெட்ரோலிலிருந்த 20 மில்லிலிட்டர் எத்தனாலில் பெரும்பகுதி கீழே இறங்கித் தண்ணீரோடு சேர்ந்துகொண்டதே அந்த அதிகத்துக்குக் காரணம்.

இப்பொழுது இந்தக் கண்ணாடிக் குழாய் இருந்த இடத்தில் படகின் 25 லிட்டர் தொட்டியை வைத்து யோசிப்போம். கலப்பில்லாத பெட்ரோல் தண்ணீரை ஏறக்குறைய ஏற்றுக்கொள்வதே இல்லை. தொட்டிக்குள் ஒரு கரண்டி நீர் புகுந்தால் அது அடியில் ஒரு கரண்டி நீராகவே கிடக்கும், வடிகட்டி அதைப் பிடித்துவிடும். பத்து சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலோ தன் அளவில் சுமார் அரைச் சதவீதம் நீரைக் கரைத்து மறைத்துக்கொள்ளும். அதாவது 25 லிட்டருக்கு ஒரு சிறிய தம்ளர். கலப்பு கூடினால் தாங்கும் எல்லையும் கூடும், வெப்பம் குறைந்தால் எல்லையும் குறையும். எல்லைக்குள் இருக்கும்வரை அந்த நீர் எரிபொருளோடு எரிபொருளாகச் சிலிண்டருக்குள் போய் ஆவியாகிவிடுவதால் தீங்கில்லை. சில துளி நீர் விஷயத்தில் கலப்புப் பெட்ரோலே மேலானது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எல்லை தாண்டிய அந்த நிமிஷத்தில், அதிகப்பட்ட துளி மட்டும் பிரிவதில்லை. கரைந்திருந்த நீர் அத்தனையும், எத்தனாலில் பெரும்பங்கையும் இழுத்துக்கொண்டு, லிட்டர் கணக்கில் அடியில் போய் அமர்கிறது. எஞ்சினுக்குப் பெட்ரோலை உறிஞ்சும் குழாயின் வாயும் தொட்டியின் அடியில்தான் இருக்கிறது.

அதன் விளைவு எஞ்சினின் ரகத்தைப் பொறுத்தது. பழைய டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்களில் மசகு எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றுவார்கள் அல்லவா? இரண்டு அடுக்காகப் பிரியும்போது அந்த எண்ணெய் மேலே பெட்ரோலோடு தங்கிவிடுகிறது. கீழடுக்கு எண்ணெயற்ற சாராயமும் நீருமாக உள்ளே போக, பிஸ்டன் வறண்டு உராய்ந்து பிடித்துக்கொள்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின் அத்தனை சீக்கிரம் சாவதில்லை. கிளம்பாது, கிளம்பினாலும் திக்கித் திணறும். அடியில் இருப்பதை வடித்துவிட்டு மேலடுக்கை உபயோகிக்கலாமே என்றால், எத்தனால் போனதும் அதனோடு, எஞ்சினில் தட்டல் வராமல் காக்கும் ஆக்டேன் தரமும் போய்விடுகிறது. இந்தியாவில் 20 சதவீதக் கலப்பின் தரம் 95 என்பது எத்தனாலின் தயவால் ஏறியதே தவிர, அடிப்படைப் பெட்ரோலின் சொந்தச் செல்வமன்று. பெட்ரோலைத் தண்ணீரால் கழுவி எத்தனாலை நீக்கிவிடலாம் என்று சிலர் செய்துகாட்டும் வித்தையும் இதே காரணத்தால் மூடத்தனம். பிரிந்துபோன கலப்பை மீண்டும் சேர்த்துவைப்பதாகப் புட்டியில் விற்கப்படும் மருந்துகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை.

ஜலத்தோடு தீர்ந்துவிடவில்லை கதை. எத்தனால் ஒரு நல்ல கரைப்பான். பழைய ரப்பர்க் குழாய்களை அது உப்பச் செய்கிறது. தொட்டியின் சுவரில் வருஷக்கணக்காகப் படிந்திருந்த பிசினைக் கரைத்துக் கொண்டுவந்து வடிகட்டியை அடைக்கிறது. இதன் மிகக் கொடூரமான உதாரணம் அமெரிக்காவில் நிகழ்ந்தது. நிலத்தடி நீரைக் கெடுத்த எம்.டி.பி.இ. என்ற சேர்க்கைப் பொருளை 2004-இல் விலக்கிவிட்டு நியூயார்க் மாநிலத்தில் எத்தனாலைப் புகுத்தியபோது, லாங் ஐலண்ட் கடற்பகுதியில் இருந்த பழைய உல்லாசப் படகுகளின் கண்ணாடியிழைத் தொட்டிகள் உள்ளுக்குள் கரையத் தொடங்கின. கரைந்த பிசின் எஞ்சினின் வால்வுகளில் கறுப்புப் பாகாகப் படிந்து, அவற்றை வளைத்து முறித்தது. அத்தொட்டிகளோ பல படகுகளில் உடலோடு உடலாகக் கட்டப்பட்டவை. தளத்தை அறுக்காமல் தொட்டியை எடுக்க முடியாது. பின்னால் 15 சதவீதக் கலப்பு அங்கே வந்தபொழுது, அதைப் படகுகளுக்கு உபயோகிக்கலாகாது என்று பம்பிலேயே எச்சரிக்கை ஒட்டும்படி அந்நாட்டுச் சர்க்கார் கட்டளையிட்டது. படகு எஞ்சின் செய்யும் பெரிய கம்பெனிகள் இன்றும் பொதுவாகப் பத்து சதவீதத்தையே எல்லையாகக் குறிக்கின்றன. நம் பங்கில் இருபது.

மோட்டார் வண்டிக்கும் படகுக்கும் உள்ள பேதத்தில் முக்கியமானது, ஓடும் விதமன்று, ஓடாமல் கிடக்கும் விதம். ஜூன் மாதத்தில் பருவமழை இறங்கியதும் மும்பையின் சிறு படகுகள் கரையேறிவிடுகின்றன. மேற்குக் கரை முழுவதும் ஜூன் முதல் தேதியிலிருந்து ஜூலை 31 வரை 61 நாட்களுக்கு யந்திரப் படகுகள் மீன் பிடிக்கத் தடை. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எதிர்க்கரையிலுள்ள மாண்ட்வாவுக்குச் செல்லும் பிரயாணிப் படகுகளும் ஆகஸ்டு முடியும் வரை நிறுத்தம். கோளிகள் கடலுக்குத் தேங்காய் சமர்ப்பித்து வழிபட்டு மீண்டும் தொழிலுக்கு இறங்கும் நாரளி பௌர்ணமி, நம்மவர் பூணூல் மாற்றும் ஆவணி அவிட்டத்தோடு பெரும்பாலும் ஒரே நாளில் வருவது. உல்லாசப் படகுக்காரர்களோ அக்டோபர் வரை படகைத் தொடுவதில்லை. இந்த இடைக்காலத்தில் நகரத்தின்மேல் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. தார்ப்பாய்க்கு அடியில் அரைத் தொட்டிப் பெட்ரோலோடு படகு கிடக்கிறது. தொட்டிக்கு மூச்சுத்துளை உண்டு. பகலில் ஆவி விரிந்து வெளியேறுகிறது, இரவில் ஈரக்காற்று உள்ளே வருகிறது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் திருத்தவேண்டும். காற்றிலுள்ள ஈரத்தையே எத்தனால் கடகடவென்று குடித்து ஒரு வாரத்தில் பிரிந்துவிடும் என்று சொல்வது மிகை. மூச்சுத்துளையின் வழியே நடக்கும் அந்த உறிஞ்சல் மெதுவானது. மூடியின் ரப்பர் வளையம் வெடித்து அதன் வழியே ஒழுகும் மழைநீர், அலைத்துளி, தொட்டிச் சுவரில் வேர்த்து வழியும் நீர் ஆகியவையே உண்மையான சத்துருக்கள். ஆயினும் மெதுவான காரியத்துக்கும் நான்கு மாதம் போதும். இதிலிருந்து நான் வந்து சேரும் முடிவு இது: படகுக்கு எந்த எரிபொருள் நல்லது என்று கேட்கிறவர், அது எத்தனை வேகம் தரும் என்று கேட்பதைவிட, ஆனியிலிருந்து புரட்டாசி வரை சும்மா கிடந்தால் அது என்ன ஆகும் என்று கேட்பதே உசிதம். மாற்று எரிபொருள்களை நான் இந்த ஒரு கண்கொண்டே பார்க்கப்போகிறேன்.

எல்லாவற்றிலும் எளியது எத்தனாலே கலவாத பெட்ரோல். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உல்லாசப் படகுகளுக்கென்றே 90 ஆக்டேன் தரமுள்ள கலப்பற்ற பெட்ரோல் தனிப்பெயரோடு விற்கப்படுகிறது. ஸ்வீடன் தேசத்தார் இன்னும் ஒருபடி மேலே போய், சுத்திகரிப்பு ஆலையில் சிறு வாயு மூலக்கூறுகளைக் கோத்துச் செய்யப்படும் ஆல்கிலேட் என்ற மிகத் தூய பெட்ரோலை மரமறுக்கும் ரம்பங்களுக்கும் படகு எஞ்சின்களுக்கும் உபயோகிக்கிறார்கள். அதில் பென்ஸீன் போன்ற விஷப் பொருள்கள் ஏறக்குறைய இல்லை, வருஷக்கணக்கில் வைத்தாலும் கெடுவதில்லை. நம் நாட்டில் இவற்றுக்கு ஈடாகக் கையில் கிடைப்பது, இந்தியன் ஆயில் 2020 டிசம்பரில் பெருநகரங்களில் அறிமுகம் செய்த எக்ஸ்.பி.100 என்னும் நூறு ஆக்டேன் பெட்ரோல்தான். அதில் எத்தனால் இல்லை என்று சொல்லப்படுகிறது. ஆனால் 2025-இல் மும்பையில் சாதாரண பெட்ரோல் லிட்டர் 104 ரூபாயை ஒட்டி விற்க, இது 160 ரூபாயை ஒட்டி விற்றது. விலையுயர்ந்த மோட்டார் சைக்கிள்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட இந்த வஸ்துவில் உள்ள ஆக்டேன் உயர்வினால் சாதாரண படகு எஞ்சினுக்கு ஒரு லாபமும் கிடையாது. படகுக்காரன் கூடுதல் பணம் கொடுப்பது ஆக்டேனுக்கு, அவனுக்கு வேண்டியதோ எத்தனாலின் இன்மை. ஞாயிற்றுக்கிழமைப் படகுக்காரர் இதைத் தாங்கிக்கொள்வார். கோளி தாங்கமாட்டான். சிறு விமானங்களுக்கான பெட்ரோலைப் படகில் ஊற்றலாமே என்று யோசிப்பவர்களும் உண்டு. அதில் ஈயம் இருக்கிறது, அந்தப் புகையை மீன் பிடிக்கும் குடாவின்மேல் விடுவது பாபம் என்பதோடு அந்த யோசனையை முடித்துவிடலாம்.

சாஸ்திர ரீதியில் மிகச் சுவையான மாற்று, எத்தனாலின் மூத்த சகோதரனாகிய பியூட்டனால். அதன் வாலில் கரியணு நான்கு. வால் நீண்டதால் பெட்ரோலோடு உறவு பலப்பட்டு, தண்ணீரின்மேல் மோகம் தளர்ந்துவிடுகிறது: எத்தனால் எந்த அளவிலும் தண்ணீரோடு கலக்கும், பியூட்டனாலில் ஒரு வகையான ஐசோபியூட்டனாலோ நூறு பங்கு நீரில் எட்டு, ஒன்பது பங்குக்குமேல் கரையாது. முன்சொன்ன கண்ணாடிக் குழாய்ப் பரிசோதனையை ஐசோபியூட்டனால் கலந்த பெட்ரோலைக்கொண்டு செய்தால் கோடு பத்தாவது அளவைவிட்டு அதிகம் நகராது. சக்தியும் லிட்டருக்கு 26 மெகாஜூலுக்கு மேல். அமெரிக்கப் படகு உற்பத்தியாளர் சங்கம், ஆர்கான் தேசிய ஆராய்ச்சிச்சாலையின் துணையோடு பலவகைப் படகு எஞ்சின்களில் வருஷக்கணக்காகச் சோதித்து, 16 சதவீதம் வரை ஐசோபியூட்டனால் கலந்த பெட்ரோல் படகுகளுக்குத் தகுந்ததே என்று 2015-இல் அறிவித்தது. அந்த 16 சதவீதத்தில் அடங்கும் ஆக்ஸிஜனின் அளவு பத்து சதவீத எத்தனால் கலப்பில் உள்ளதற்கு ஏறக்குறைய சமம் என்பதால், எஞ்சினை முடுக்கவோ தளர்த்தவோ வேண்டியதும் இல்லை.

இந்தப் பியூட்டனாலுக்கும் நம் பிரதேசத்துக்கும் பழைய சம்பந்தம் ஒன்று உண்டு. முதல் உலக யுத்தத்தில் வெடிமருந்துக்கு அசிட்டோன் என்ற திரவம் ஏராளமாகத் தேவைப்பட்டபோது, மான்செஸ்டரில் இருந்த ரசாயன ஆசிரியர் ஹைம் வைஸ்மான், பின்னாளில் இஸ்ரேலின் முதல் ஜனாதிபதியானவர், தானிய மாவைப் புளிக்கவைத்து அசிட்டோன் தரும் ஒரு நுண்ணுயிரைக் கண்டெடுத்திருந்தார். அம்முறையைத் தழுவி மும்பைக்கு வடகிழக்கே உள்ள நாசிக்கிலும் யுத்த காலத்தில் ஒரு தொழிற்சாலை எழுந்தது. அந்த நுண்ணுயிர் ஒரு பங்கு எத்தனாலும் மூன்று பங்கு அசிட்டோனும் ஆறு பங்கு பியூட்டனாலும் தரும் சுபாவம் உடையது. யுத்தக்காரர்களுக்கு வேண்டியது அந்த மூன்று பங்கு. ஆறு பங்கு பியூட்டனாலை என்ன செய்வதென்று அறியாமல் விழித்தார்கள். யுத்தம் முடிந்தபின் மோட்டார் வண்டிகளின் மெருகுப் பூச்சுக்கு அது உதவும் என்று கண்டதும்தான் பியூட்டனாலுக்கு மதிப்பு வந்தது.

இத்தனை குணம் உள்ளது ஏன் பங்கில் கிடைக்கவில்லை? அதைச் செய்யும் நுண்ணுயிருக்கே அது விஷம். கஷாயத்தில் ஏறக்குறைய இரண்டு சதவீதம் சேர்ந்ததுமே அவை மடியத் தொடங்குகின்றன. ஈஸ்ட்டோ பத்து சதவீத எத்தனாலிலும் நீந்திக்கொண்டிருக்கும். ஆகவே ஒரு லிட்டர் பியூட்டனாலைப் பெற மிக அதிகமான நீரைக் கொதிக்கவைத்துப் பிரிக்கவேண்டியிருக்கிறது, விலையும் அதற்குத் தக ஏறுகிறது. மரபணு மாற்றிய ஈஸ்ட்டைக்கொண்டு ஐசோபியூட்டனாலை நேரே தயாரிக்கும் வழிகள் வந்திருந்தும் விலைப் போட்டியில் எத்தனாலை இன்னும் வெல்ல முடியவில்லை. எனினும் நம்பிக்கைக்கு இடமுண்டு: டீசலில் எத்தனால் கலக்கும் முயற்சி கைகூடாமற்போகவே, பத்து சதவீத ஐசோபியூட்டனால் கலக்கும் ஆராய்ச்சி நடப்பதாக மத்தியப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2025 செப்டம்பரில் தெரிவித்தார். டீசலுக்காக ஆலைகள் எழுந்தால், படகுப் பெட்ரோலுக்கு அதில் ஒரு சொட்டு கிடைக்காமலா போகும்?

வாயு எரிபொருள்களை விரைந்து கடந்துவிடலாம். காசியில் கங்கையின்மேல் ஓடும் நூற்றுக்கணக்கான படகுகள் சி.என்.ஜி.க்கு மாறியிருக்கின்றன, அவற்றுக்கு நமோ கட்டத்தில் மிதக்கும் நிரப்பு நிலையமே உண்டு. கேரளத்தில் மீனவர் கூட்டுறவுச் சம்மேளனமான மத்ஸ்யஃபெட், மண்ணெண்ணெய் எஞ்சின்களைச் சமையல் வாயுவில் ஓட்டிப் பார்த்தது. வாயுவுக்கு நீர்ப் பயமில்லை, கிடந்து கெடுவதில்லை, ஆகையால் என்னுடைய மழைக்காலப் பரீட்சையில் அது முழு மதிப்பெண் பெறும். ஆனால் சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் படகின் அடிவயிற்றில் தேங்கி ஒரு பொறிக்குக் காத்திருக்கும். சி.என்.ஜி. மேலே பறந்துவிடும், ஆனால் அதன் உருளை கனம். ஆற்றில் சரி, அலை தூக்கியடிக்கும் திறந்த கடலில் சிறு படகுக்கு இவ்விரண்டையும் சிபாரிசு செய்ய எனக்குத் துணிவில்லை. டீசலைப் பற்றி நம் தமிழ்நாட்டு மீனவர்களே சாட்சி சொல்வார்கள்: சோழமண்டலக் கரையின் ஃபைபர் படகுகளில் நீண்ட தண்டும் சுழலியும் பூட்டிய சிறு டீசல் எஞ்சின்கள் பட்பட்டென்று ஓடிக்கொண்டிருக்கின்றன, எத்தனாலைப் பற்றிய கவலையே அவற்றுக்கு இல்லை. சத்தமும் கனமும் அதிகம்; உல்லாசத்துக்குப் போகிறவர் அந்தச் சத்தத்தை உல்லாசம் என்று கருதமாட்டார்.

மின்சாரம் புதுமை என்று நினைக்கிறோம். உலகத்தின் முதல் அவுட்போர்டு எஞ்சினே மின்சாரத்தால் ஓடியது: 1881-இல் குஸ்தாவ் த்ரூவே என்ற பிரெஞ்சுக்காரர், கழற்றி மாட்டக்கூடிய மின் மோட்டார் ஒன்றைப் படகின் பின்புறத்தில் பொருத்திப் பாரிஸ் நகரத்து ஸேன் நதியில் ஓட்டிக் காட்டினார். அவர் பெயரால் ஏற்பட்ட பரிசை 2020-இல் பெற்றது, கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணைக்கடவுக்கும் இடையே 2017 ஜனவரி முதல் 75 பேரை ஏற்றிச் செல்லும் ஆதித்யா என்ற சூரியசக்திப் படகு. கொச்சியில் 2023 ஏப்ரலில் தொடங்கிய நீர் மெட்ரோவும் மின்கலத்தில் ஓடுவதே.

மாஹிமுக்கு இது உதவுமா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். நாற்பது குதிரைசக்தி எஞ்சினை முழுவேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டச் சுமார் 15 லிட்டர் பெட்ரோல் செலவாகும். அதன் எடை 11 கிலோ. அதே வேலைக்கு வேண்டிய மின்கலம் 30 கிலோவாட் மணிக்கு மேற்பட்டது, எடை 200 கிலோவைத் தாண்டும். படகே பாதி மூழ்கிவிடும். ஆனால் நீரில் செல்லும் படகின் சக்தித் தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தை ஒட்டி ஏறுவது. வேகத்தைப் பாதியாக்கினால் தேவை எட்டில் ஒன்றாகக் குறைந்துவிடும். குடாவுக்குள்ளேயே, மாஹிம் கோட்டைக்கும் கடற்பாலத்துக்கும் இடையே, நாலைந்து குதிரைசக்தியில் நிதானமாக மூன்று மணி நேரம் உலாவ 10 கிலோவாட் மணி போதும்; ஐந்தாறு அரிசிச் சிப்ப எடைக்குள் அடங்கும் மின்கலம். மழைக்காலத்தில் அதைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிடலாம். அவசரமில்லாதவனுக்கு மின்சாரம் இன்றே தயார் என்பதும், மாண்ட்வாவுக்குச் சீறிப் பாய நினைப்பவன் இன்னும் சில வருஷம் காத்திருக்கவேண்டும் என்பதும் என் தீர்ப்பு. 1846-இல் தோன்றிய ராயல் பாம்பே யாட் கிளப்பார் தம் பாய்மரப் படகுகளை எந்த எரிபொருளும் இல்லாமல் ஓட்டி வந்ததையும் இங்கே மறந்துவிடக்கூடாது. உல்லாசம் மட்டுமே நோக்கமானால் காற்றைவிட மலிவான எரிபொருள் ஏது?

இருபது சதவீதக் கலப்பைத்தான் ஊற்றியாகவேண்டும் என்றிருக்கும் படகுக்காரருக்குச் சில வார்த்தைகள். மழைக்கு முன் தொட்டியைக் காலிசெய்யுங்கள். எண்ணெய் கலக்காத பெட்ரோலாக இருந்தால் ஸ்கூட்டரில் ஊற்றித் தீர்த்துவிடலாம். குழாயைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் குளிர்ச்சி கொடுத்தவாறே எஞ்சினை அது தானே அணையும்வரை ஓட்டி, கார்புரேட்டரையும் வற்றச் செய்யுங்கள். தொட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவே, அடியில் கண்ணாடிக் கிண்ணம் வைத்த நீர்பிரிக்கும் வடிகட்டி ஒன்றைப் பொருத்தி, ஒவ்வொரு தடவை கிளம்புமுன்பும் அந்தக் கிண்ணத்தைப் பாருங்கள். மூடியின் ரப்பர் வளையத்தை வருஷத்துக்கு ஒன்று மாற்றுங்கள்.

சர்க்காருக்குச் சொல்லவேண்டியது அதைவிடச் சுருக்கம். தேசம் முழுவதற்கும் கலப்பற்ற பெட்ரோலைக் கேட்கவில்லை. படகுகள் குடிக்கும் பெட்ரோல், மும்பையின் வண்டிகள் குடிப்பதற்கு முன் ஒரு துளி. மீன்பிடித் துறைகளிலும் கேட்வே, மாண்ட்வா போன்ற படகுத்துறைகளிலும் எத்தனால் கலவாத 91 ஆக்டேன் பெட்ரோலுக்கு ஒரே ஒரு குழாய், சாதாரண விலையில், கோளியின் பதிவுச் சீட்டுக்கும் உல்லாசப் படகின் பதிவுச் சீட்டுக்கும் மட்டும் கொடுப்பதென்று வைத்தால், எத்தனால் திட்டத்துக்கு ஒரு குறையும் நேராது. எண்ணெய்க் கம்பெனிகளும் மாநில மீன்வளத் துறையும் கூடிப் பேசி அடுத்த நாரளி பௌர்ணமிக்குள் இதைச் செய்துமுடிக்க வேண்டும்.